மெயின்டனன்ஸ்: மராமத்தா, பராமரிப்பா, பேணுகையா?

மதுரையில் ‘பராமரிப்பு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பு. ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக’ என்று நம்ம ஏரியா பெயர் வந்துவிட்டால், “இன்னைக்கு ஷட்டவுனாம், மோட்டாரைப் போட்டு டேங்க்கை ரொப்பிரு” என்று வீடே பரபரக்கும். மென்பொருள் மெயின்டனன்ஸுக்கும் இதே சொல்லைத்தான் எழுதுகிறோம்.

மெயின்டனன்ஸ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீனில் ‘மானுஸ்’ கை, ‘தெனேரே’ பிடித்திருத்தல். ஆக, கையில் பிடித்து வைத்திருப்பது. பராமரிப்பு வடமொழிப் ‘பராமர்ச’த்தின் வழி வந்தது, அதன் வேருக்குத் தொடுதல் என்று பொருள். இரண்டும் கையிலிருந்தே கிளம்புகின்றன. தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.

நம் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு: மராமத்து. அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல், பழுதுநீக்குதல் என்று பொருள். கண்மாய்க் கரை கரைந்தால், மடை உடைந்தால் ஊர் கூடிச் சரிசெய்வது குடிமராமத்து. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டமும் கொண்டுவந்தது. கண்மாய்க்கு இந்தச் சொல் கச்சிதம். மென்பொருளுக்கு வரும்போதுதான் இடறுகிறது.

உதாரணத்துக்கு, பிரிட்டனில் ‘நேஷனல் ஹவுஸ்ஹோல்ட் மாடல்’ என்று ஒரு மென்பொருள். பிரிஸ்டலில் உள்ள ‘சென்டர் ஃபார் சஸ்டெய்னபிள் எனர்ஜி’ அரசின் எரிசக்தி, காலநிலை மாற்றத் துறைக்காக உருவாக்கியது. வீடுகளின் கணக்கெடுப்புத் தரவை எடுத்துக்கொண்டு, சுவருக்கு வெப்பக்காப்பு போட மானியம் தந்தால் எந்த வீடுகள் முன்வரும், பில் எவ்வளவு இறங்கும் என்று வருடக்கணக்கில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும். இதில் எந்தக் கரையும் உடைவதில்லை. ஆனால் கட்டணம் மாறும், மானியம் மாறும், வீடுகளே மாறும். துறையின் பெயர்கூட 2016லும் 2023லும் மாறிவிட்டது.

இங்கே அப்படி ஒரு மென்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2016ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வந்தது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. 2024ல் மொட்டைமாடி சோலாருக்கு மத்திய மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். மாடக்குளத்து வீடு ஒன்றுக்கு 2015ல் சரியாக வந்த கணக்கு, நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே, மூன்று முறை தப்பாகியிருக்கும். எதுவும் பழுதாகவில்லை என்றால் எதை மராமத்துப் பார்ப்பது? 1976லேயே பர்ட்டன் ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் மென்பொருள் மெயின்டனன்ஸைத் திருத்துதல், தகவமைத்தல், மெருகேற்றுதல் என்று மூன்றாகப் பிரித்தார். மராமத்து முதலாவதோடு நின்றுவிடும். இந்த மாதிரி மென்பொருளுக்கு உயிர்நாடியோ இரண்டாவது, மாறும் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது.

அதனால் என் ஓட்டு ‘பேணுகை’க்கு. தொல்காப்பிய உரியியல் ‘பேண்’ என்பதற்குப் பெட்பு, அதாவது விருப்பம், என்று பொருள் சொல்கிறது. உடையும்வரை காத்திருக்காமல், வேண்டிய பொருளாகக் கருதி நாள்தோறும் கவனித்துக்கொள்வது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பராமரிப்பும் தவறில்லை, ஊர் பழகிய சொல், அரசாணையில் அதுதான் வரும். ஆனால் மின்தடை வாசம் போகாது.

இதோடு ஒட்டிவரும் ‘சப்போர்ட்’டுக்கு மட்டும் ‘ஆதரவு’ வேண்டாம். தொழில்நுட்ப ஆதரவு என்றதும் ‘ஆதரவு தாரீர்’ சுவரொட்டிதான் கண்ணில் நிற்கிறது. உள்ளீட்டுக் கோப்பு ஏற மறுக்கிறது என்று திணறும் அலுவலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதை நம் ஊரில் ஒத்தாசை என்போம். டெண்டரில் அப்படி எழுதக் கூச்சமாக இருந்தால் ‘பேணுகையும் பயனர் துணையும்’ என்று எழுதலாம்.