பெட்டா மீன் ஏன் வெளிறுகிறது?

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுவன், கோடை விடுமுறையில் கொளத்தூரிலுள்ள வண்ண மீன் கடை ஒன்றிலிருந்து கருநீல ஃபைட்டர் மீனை வாங்கி வந்தான். இரண்டு லிட்டர்கூடப் பிடிக்காத உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் அதை விட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். பத்தாம் நாள் மாடியேறி வந்து, "அக்கா, இதோட கலர் எங்க போச்சு?" என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். மீன் உயிரோடு இருந்தது, மேலே வந்து காற்றை விழுங்கியது, தீனியைக்கூட ஒன்றிரண்டு வாய் எடுத்தது. ஆனால் நீலம் சாம்பலாக மாறியிருந்தது. விசிறிபோல் விரிந்திருக்க வேண்டிய துடுப்புகள் மடக்கிய குடைபோல் உடலோடு ஒட்டிக் கிடந்தன.

நாம் ஃபைட்டர் என்று அழைக்கும் இந்த மீனின் அறிவியல் பெயர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். தாய்லாந்தின் சதுப்புகளும் நெல்வயல்களும் இதன் தாயகம். அங்கே இதைக் 'கடிக்கும் மீன்' என்று பொருள்படும் பிளாக்காட் என்ற பெயரால் அழைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வெயிலில் சூடேறி, உயிர்வளி குறைந்து, செடிகொடிகள் அழுகும் நீரிலும் பிழைக்கும்படி, இதன் செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகளைக் கொண்ட ஓர் அறை அமைந்திருக்கிறது. இரத்த நாளங்கள் செறிந்த தோல் போர்த்திய அந்த அமைப்புக்கு லேபிரிந்த் உறுப்பு என்று பெயர். மீன் நீர்மட்டத்துக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து உயிர்வளியை நேரடியாக இரத்தத்துக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான்.

இந்த உறுப்பே இம்மீனுக்கு வினையாகவும் அமைந்துவிட்டது. காற்றுக்குழாய் இல்லாமலே வாழ்கிறது என்பதால், எவ்வளவு சிறிய குடுவையும் இதற்குப் போதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. லேபிரிந்த் உறுப்பு தீர்த்துவைப்பது ஒரே ஒரு சிக்கலைத்தான்: உயிர்வளிப் பற்றாக்குறையை. உடலின் கழிவான அம்மோனியாவை வெளியேற்றுவதும், இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதும் வேறெந்த மீனிலும் போலச் செவுள்களின் வேலையாகவே இருக்கின்றன. ஆகவே, பிற மீன்கள் ஓரிரு நாளில் மடிந்துவிடும் நீரில் பெட்டா பல வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது. அந்த வாரங்களை நாம் நலவாழ்வு என்று தவறாகப் படிக்கிறோம்.

மன அழுத்தம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இக்கட்டுரையில் 'நெருக்கடி' என்றே குறிக்கிறேன். நீரைப் பற்றிய பேச்சில் அழுத்தம் என்றால் வேறு பொருள் வந்துவிடும். அச்சுறுத்தல் ஒன்றை உணர்ந்ததும் மீனின் மூளை இரண்டு வழிகளில் உடலை முடுக்குகிறது. முதல் சில நொடிகளில் அட்ரினலின் சுரந்து, இதயத்துடிப்பும் செவுள்களுக்குச் செல்லும் இரத்தமும் கூடுகின்றன. அடுத்த சில நிமிடங்களில், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து தலைப்பகுதிச் சிறுநீரகத்துக்கும் செய்தி போய்ச் சேர, கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் (ஹார்மோன்) இரத்தத்தில் கலக்கிறது. மனிதருக்கு இருப்பதுபோலத் தனி அட்ரினல் சுரப்பி மீனுக்கு இல்லை. அந்த வேலையைச் செய்யும் திசு அதன் சிறுநீரகத்தின் முன்பகுதியில் விரவிக் கிடக்கிறது. கார்ட்டிசால் சேமிப்பிலுள்ள ஆற்றலைச் சர்க்கரையாக்கித் தப்பியோடுவதற்குத் தருகிறது. செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு ஆகிய அவசரமில்லாத செலவுகளைக் குறைக்கிறது.

வயல்நீரில் இது சிறந்த ஏற்பாடு. கொக்கின் நிழல் விழுந்தால் மீன் செடிக்குள் பாய்ந்து மறையும். சற்று நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். குடுவையில் ஓடி ஒளிய இடமில்லை, அச்சுறுத்தலும் விலகுவதில்லை. சிறிது நேரத்துக்கென்று அமைந்த அவசர ஏற்பாடு வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதோடு நன்னீர் மீனுக்கென்று தனியான இழப்பு ஒன்றும் உண்டு. அதன் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம் என்பதால், எந்நேரமும் நீர் உள்ளே ஊடுருவுகிறது, உப்புகள் வெளியே கசிகின்றன. அதிக உயிர்வளியைப் பெறுவதற்காகச் செவுள்களில் இரத்த ஓட்டம் கூடும்போது இந்தக் கசிவும் கூடுகிறது. இழந்த உப்பை மீட்க மீன் மேலும் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. நெடுநாள் நெருக்கடியிலிருக்கும் பெட்டாவுக்கு வெண்புள்ளி நோயும் துடுப்பழுகலும் எளிதில் தொற்றுவது இதனால்தான். நோய்க்கிருமி பெரும்பாலும் தொட்டியில் ஏற்கெனவே இருந்திருக்கும். அதைத் தடுத்துவைத்திருந்த காவல் தளர்ந்திருக்கும்.

இனி, நிறத்துக்கு வருவோம். மீனின் தோலில் நிறமிச் செல்கள் உள்ளன. கருநிறமி கொண்ட செல்லில் நிறமித் துகள்கள் செல் முழுவதும் பரவினால் உடல் அடர்நிறமாகத் தெரியும். நடுவில் குவிந்துவிட்டால் வெளிறித் தெரியும். அத்துகள்களை நகர்த்துபவை நரம்புகளும் இயக்குநீர்களும் என்பதால், உள்ளே நடக்கும் நெருக்கடி தோலில் எழுதப்படுகிறது. பெண் மீன்களிலும் இளம் மீன்களிலும் தலையிலிருந்து வால்வரை கிடைமட்டமாக ஓடும் கருங்கோடுகள் தோன்றுவது அச்சத்தின் அடையாளம். மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் அப்படியல்ல. அவை இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமான பெண் மீனில் தெரிபவை.

நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. இரவில் விளக்கணைத்த பிறகு எல்லாப் பெட்டாக்களுமே சற்று வெளிறும். செடியின் இலைமேல் சாய்ந்து அசையாமல் கிடப்பதும் ஓய்வுதான். கவலைப்பட வேண்டியவை, பகலிலும் நாள்கணக்கில் தொடர்பவை: துடுப்புகளை இறுக்கி வைத்துக்கொள்வது, கண்ணாடிச் சுவரை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் நீந்துவது, தரையில் கிடந்து காற்றுக்காக மட்டும் மேலே வருவது, தீனியைக் கண்டும் திரும்பிக்கொள்வது, தன் வாலைத் தானே கடித்துக் குதறிக்கொள்வது. செவுள் மூடியின் அசைவு மிகப் பயனுள்ள அளவுகோல். மீன் நலமாக இருக்கும் நாளில் நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டால், அந்த எண் பின்னாளில் உயரும்போது தயங்காமல் காரணம் தேடலாம். ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டினால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது இனப்பெருக்க உந்துதல் மட்டுமே, மோசமான நீரிலும் சில மீன்கள் கூடு கட்டும்.

காரணங்களுள் முதலிடம் அம்மோனியாவுக்கு. மீனின் செவுளிலிருந்தும், உண்ணாமல் அழுகும் தீனியிலிருந்தும் அது இடைவிடாமல் நீரில் சேர்கிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும்: செவுளை எளிதில் ஊடுருவும் நச்சான அம்மோனியா, பெருமளவு தீங்கற்ற அம்மோனியம். இரண்டுக்குமிடையே உள்ள விகிதத்தை, நீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) தீர்மானிக்கிறது. 28 பாகை செல்சியஸ் நீரில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 என்றால் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். எனவே, மாதக்கணக்கில் மாற்றாமல் அமிலத்தன்மை ஏறிப்போன குடுவை நீரோடு காரத்தன்மையுள்ள புதுநீரைத் திடீரென்று பெருமளவு கலந்தால், அதுவரை அம்மோனியமாக அடங்கிக் கிடந்தது சில நிமிடங்களில் நஞ்சாக மாறுகிறது. "தண்ணி மாத்தினதும் செத்துப்போச்சு" என்று சொல்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்புகளுள் சிலவற்றுக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும். எஞ்சியவற்றுக்குக் குளோரினும் வெப்ப வேறுபாடும் காரணமாகியிருக்கலாம்.

சென்னையில் நீர் என்பது ஒரே பொருளல்ல. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீரும், மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களில் உப்பு நீக்கிய கடல்நீரும் மெட்ரோ குழாயில் வருகின்றன. பல வீடுகளில் அதோடு போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே கீழ்த்தொட்டியில் கலக்கின்றன. குழாய்நீரிலுள்ள குளோரின் செவுளை அரிக்கும். வாளியில் ஒருநாள் திறந்து வைத்தோ, கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை இட்டோ அதைப் போக்கலாம். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், காரத்தன்மையும் கூடுதல். கேன் தண்ணீர் தூய்மையானது என்று அதையே ஊற்றுவதும் சரியன்று. அதில் தாது உப்புகள் மிகக் குறைவு, ஆகவே மீன் இழக்கும் உப்பை நீரிலிருந்து திரும்ப எடுக்க வழியிருக்காது, பி.எச். அளவும் நிலையாக நிற்காது. பெட்டா பலவகை நீருக்கும் பழகிக்கொள்ளும். ஆனால் ஞாயிறு தோறும் நீரின் தன்மை மாறுவதுதான் அதை நெருக்கடிக்குள் தள்ளுகிறது.

வெப்பநிலையிலும் இதுவே நியாயம். 24 முதல் 28 பாகைவரை இதற்கு ஏற்றது. மே மாதத்துச் சென்னை வீட்டில் பகலில் குடுவை நீர் 32 பாகையைத் தொடும், இரவு ஏ.சி. போட்ட அறையில் அதுவே 24க்கு இறங்கும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பமே என்பதால், அதன் வளர்சிதை மாற்றம் முழுவதும் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. நீரின் அளவு கூடினால் இந்த ஊசலாட்டம் தணியும். எல்லாப் பக்கமும் ஓரடி கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 28 லிட்டர் பிடிக்கும். அது சூடாகவும் குளிரவும் பல மணிநேரம் எடுக்கும், அம்மோனியாவும் அதில் மெல்லவே செறியும். சிறுதொட்டிக்கும் பெருந்தொட்டிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இடவசதியைவிட இந்த நிதானம்தான் என்பது என் எண்ணம்.

எளிதில் கண்ணுக்குப் படாத காரணங்களும் உண்டு. கொசுவிரட்டித் திரவங்களிலும் சுருள்களிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. பெட்டா நீர்மட்டத்துக் காற்றையே விழுங்குகிறது. காற்றுக்குழாய் மோட்டாரும் அறைக்காற்றைத்தான் நீருக்குள் செலுத்துகிறது. மீன் இருக்கும் அறையில் கொசுவலையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. அடுத்து அதிர்வு. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு நீரின் மிக நுண்ணிய அசைவையும் உணரும். கிரைண்டர் ஓடும் மேடையில், ஒலிபெருக்கியின் அருகில், தட்டி மூடப்படும் கதவை ஒட்டி வைத்த தொட்டியில் அந்த உறுப்புக்கு ஓய்வே கிடைக்காது. தீபாவளியன்று தொட்டியைத் தெருப்பக்கத்து அறையிலிருந்து தள்ளி வைத்து, மேலே துணி போர்த்துவதை வழக்கமாகக் கொள்ளலாம். தடித்த துணியையோ மடித்த போர்வையையோ தொட்டிக்குக் கீழே விரித்தாலும் அதிர்வு குறையும்.

கண்ணாடியைக் காட்டி மீனைச் சீறவைக்கும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண் பெட்டா எதிரியைக் கண்டதும் செவுள் மூடிகளை விரித்துக் காட்டும். அப்படி விரித்திருக்கும் வரை செவுள்களின் வழியே நீர் சீராகப் பாய்வதில்லை. தன் மூச்சைப் பணயம் வைத்துத்தான் அது மிரட்டுகிறது. உயிர்வளி குறைந்த நீரில் இந்த மிரட்டல் சுருங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்போதேனும் ஓரிரு நிமிடம் காட்டினால் தீங்கில்லை. ஆனால் பக்கத்துக் குடுவையில் இன்னோர் ஆண் மீனை நிரந்தரமாக வைப்பதும், வெளியே இருட்டும் உள்ளே விளக்குமாக இருந்து தொட்டிச் சுவரே கண்ணாடியாகிவிடுவதும், ஒருபோதும் தோற்று ஓடாத எதிரியோடு அதைப் பூட்டிவைப்பதற்குச் சமம். பின்புறமும் பக்கங்களிலும் தாள் ஒட்டினால் போதும்.

அந்தச் சிறுவனின் மீனுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மருந்து எதுவும் ஊற்றவில்லை. மெத்திலீன் ப்ளூ போன்ற மீன் மருந்துகள் வடிகட்டியில் வாழும் பயனுள்ள பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடியவை. ஓரடித் தொட்டி ஒன்றில் என் தொட்டியிலிருந்து பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பொருத்தினோம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் ஏற்கெனவே குடியிருந்தது. புதிய ஃபில்டராக இருந்தால் அவை பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். நீளத் துடுப்புள்ள மீன் நீரோட்டத்தோடு போராடாதபடி காற்றை மிகக் குறைத்து வைத்தோம். தெருவோரத்துப் பாதாங்கொட்டை மரத்தின் கீழே தானாக உதிர்ந்து காய்ந்த இலைகளில் இரண்டைப் பொறுக்கி, நன்கு கழுவி நீரில் இட்டோம். அவை விடும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நீரைத் தேநீர் நிறமாக்கி, வெளிச்சத்தையும் பி.எச். அளவையும் சற்றே தணிக்கும். இலையே மறைவிடமாகவும் ஆகும். குடுவையின் பழைய நீரோடு தொட்டியின் புதுநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒருமணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மீனை இடம் மாற்றினோம். முதல் நாள் விளக்கும் போடவில்லை, தீனியும் இடவில்லை. பிறகு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றம்.

நான்காம் நாள் துடுப்புகள் விரிந்தன. நிறம் அவ்வளவு விரைவாகத் திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. வாலின் ஓரத்தில் கிழிந்துபோன இடத்தில் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் இன்னும் நீலம் ஏறவில்லை. மெல்லிய கண்ணாடித்தாள் போல அது நிறமற்று அசைகிறது, பையன் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறான்.