புக்குல படிச்சப்ப பயப்படாத பிள்ளை படத்தப் பாத்து ஏன் நடுங்குது?

போன வருஷம் காலாண்டு லீவு முடிஞ்ச மறுவாரம் திருமங்கலம் பக்கத்துலேருந்து ஒரு அம்மா அவங்க பையனக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பன்னெண்டு வயசு, ஏழாவது படிக்கிறான் (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்தித்தான் எழுதுறேன்). மூணு வாரமா ராத்திரி தனியா பாத்ரூம் போக மாட்டேங்குறான், லைட்ட அணைக்க விட மாட்டேங்குறான், பாத்ரூம் கண்ணாடிய துண்டு போட்டு மூடி வச்சிருக்கான். ஓடிடில ஒரு பேய்ப்படம் பாத்ததுலேருந்து இப்படி. அந்த அம்மா அழுதுக்கிட்டே சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இத எழுத உக்காந்தேன். "இதே கதைய புக்கா படிச்சவன்தான் மேடம், அப்ப ஒன்னுமே ஆகல, நல்லாத்தான் தூங்குனான். அதான் படமாவும் பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

மதுரைல பிள்ளைங்களுக்கு மனநல ஆலோசனை குடுக்குறது என் வேலை. இந்த மாதிரி சொல்ற அம்மா அப்பாக்கள அடிக்கடி பாக்குறேன். அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வராது, ஏன்னா கேக்குறதுக்கு அது நியாயமாத்தான் இருக்கு, ஒரே கதை, ஒரே பேய், புக்குல தாங்குன பிள்ளை படத்துல தாங்க மாட்டானா?

அந்தப் பையன்கிட்ட புக்க எப்படிப் படிச்சன்னு கேட்டேன். "பயமா வந்துச்சுன்னா மூடி அரிசி டிரம் மேல வச்சுருவேன் மேடம், மறுநாள் பகல்ல மொட்டமாடில உக்காந்து மிச்சத்தப் படிப்பேன்"னான். ஒரு இடத்துல ரெண்டு நாள் நிப்பாட்டிட்டு அக்காகிட்ட அந்தப் பொண்ணு செத்துருவாளான்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டுத்தான் மேல படிச்சிருக்கான். பிரேக்கு முழுக்க அவன் கையில இருந்திருக்கு. சரி, அந்தப் பேய் பாக்க எப்படி இருந்துச்சுன்னு கேட்டா யோசிக்காம "எங்க தெரு பூக்கார ஆயா மாதிரி, ஆனா முடி மட்டும் ரொம்ப நீளம்"னான். படத்துல எப்படி இருந்துச்சுன்னு கேட்டதும் வாய மூடிக்கிட்டான். பேப்பரும் பென்சிலும் குடுத்தேன், ரொம்ப நேரம் கழிச்சு ஒரு வாய மட்டும் வரஞ்சான், கண்ணு மூக்கு எதுவும் இல்லாம, பேப்பர் கிழியுற அளவுக்கு அழுத்தி.

நாவல்ல எழுத்தாளர் பாதிதான் குடுப்பார், மிச்சத்த பிள்ளை தனக்குத் தெரிஞ்ச மனுசங்க முகத்துலேருந்து, தன்னால தாங்க முடியுற அளவுக்கு எடுத்து ஒட்டிக்கும். சினிமால அந்த மிச்சத்தையும் வேற ஒருத்தர் செஞ்சு கண்ணுக்கு முன்னால நிறுத்திடுறார், அதுவும் எந்த நொடில வரணும்னு அவரே முடிவு பண்ணி. இதுல சத்தத்த யாரும் கணக்குல எடுக்குறதே இல்ல. கண்ண மூடிக்கலாம், ஹெட்போன் மாட்டுன காத மூட முடியாது. திடீர்னு பெரிய சத்தம் வந்தா உடம்பு தூக்கிப் போடும் பாருங்க, அது நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும், "இது வெறும் படந்தான்"னு மூளையோட யோசிக்கிற பகுதி சொல்றதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சு கை வேர்த்துடும். அந்த நேரத்துல கண்ணுல பட்ட இருட்டு, கண்ணாடி, கதவுன்னு எல்லாத்தையும் மூளை அந்த பயத்தோட சேத்து முடிச்சு போட்டு வச்சுக்கும். அதனாலதான் படம் முடிஞ்சும் பாத்ரூம் கண்ணாடி அவன விடல.

ஒரு சின்னப் பொண்ணுக்குப் பேய் பிடிக்கிற கதையான 'தி எக்ஸார்சிஸ்ட்' இதுக்கு நல்ல உதாரணம். நாவல் 1971ல வந்துச்சு, படம் 1973ல. நாவல எழுதுன வில்லியம் பீட்டர் பிளாட்டியேதான் திரைக்கதையும் எழுதி அதுக்கு ஆஸ்கரும் வாங்குனார், அதாவது கதைய யாரோ எடுத்து மாத்திட்டாங்கன்னு இங்க சொல்லவே முடியாது. ஆனாலும் நாவலப் படிக்கும்போது இது வியாதியா பேயாங்குற கேள்வி பக்கம் பக்கமா கூடவே வரும், டாக்டருங்க பேச்சு, டெஸ்டுன்னு நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். படத்துல அந்தப் பிள்ளையோட முகமும் குரலும் அந்தக் கேள்விய அமுக்கிடும். ஒலிக்கும் அந்தப் படம் தனியா ஒரு ஆஸ்கர் வாங்கியிருக்கு. படத்தப் பாத்த பிறகு மனநல சிகிச்சை தேவைப்பட்ட நாலு பேரப் பத்தி 1975லயே ஒரு மருத்துவ இதழ்ல கட்டுரை வந்திருக்கு. அவங்க சின்னப் பிள்ளைங்க இல்லங்கிறத மறந்துடாதீங்க.

ஸ்டீபன் கிங்கோட 'தி ஷைனிங்' (1977) கதை வேற மாதிரி. ஸ்டான்லி குப்ரிக் 1980ல எடுத்த படம் உலகமே கொண்டாடுற படம், ஆனா கிங்குக்கு அது பிடிக்கல, அத அவர் மறைக்கவும் இல்ல. குடியோட போராடுற ஒரு அப்பா கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுப் போறதுதான் நாவல், படிக்கிறவங்க அவருக்காக பரிதாபப்படுவாங்க, படத்துல அவர் ஆரம்பத்துலேருந்தே சரியில்லாத ஆளாத்தான் தெரியுறார்ங்கிறது கிங்கோட வருத்தம். எனக்கு அந்தப் படத்துல மனசுல நிக்கிறது வேற ஒன்னு. அதுல மகனா நடிச்ச சின்னப் பையன்கிட்ட இது பேய்ப்படம்னே சொல்லல, ஒரு குடும்பக் கதைன்னு சொல்லித்தான் நடிக்க வச்சாங்க. எடுக்குறவங்களுக்கே இது பிள்ளைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு. நாம அந்த வயசுப் பிள்ளை கையில போனக் குடுத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிடுறோம்.

எல்லா இயக்குநரும் முகத்தக் காட்டித்தான் பயமுறுத்துவாங்கன்னு இல்ல. ஷெர்லி ஜாக்சனோட 1959 நாவல ராபர்ட் வைஸ் 1963ல 'தி ஹாண்டிங்'னு எடுத்தார், பேயக் காட்டவே இல்ல, கதவு உள்பக்கமா வீங்கி வரும், சுவத்துக்கு அந்தப்பக்கம் சத்தம் கேக்கும், அவ்வளவுதான். பெரியவங்களுக்கு நாவலோட ருசி கெடாம எடுத்த படம்னு தயங்காம சொல்வேன்.

நம்ம ஊர்லயே ஒன்னு இருக்கே. மதுரைலயே வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதுன 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் நாகா இயக்கத்துல 'விடாது கருப்பு'ன்னு சீரியலா வந்துச்சு. தொண்ணூறுகள்ல உசிலம்பட்டி பக்கம் எங்க தெருவுல ஒரு வீட்டு டிவி முன்னாடி பதினஞ்சு இருவது பேர் உக்காந்து பாப்போம், குதிரைச் சத்தம் கேட்டா நான் எங்க அப்பத்தா முந்தானைக்குள்ள போயிடுவேன். பயம் இருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. ஆனா முடிஞ்சதும் லைட்டப் போட்டு எல்லாரும் கொலை பண்ணுனது யாருன்னு சண்ட போடுவாங்க, அடுத்து என்னன்னு தெரிய ஒரு வாரம் ஆகும், அப்பத்தா "கருப்பு நம்மளக் காக்குற சாமி ஆத்தா, தப்பு செஞ்சவன்தேன் பயப்படணும்"னு சொல்லிக்கிட்டே தட்டிக் குடுக்கும். அழகர்கோயில்ல பதினெட்டாம்படிக் கருப்புக்கு சந்தனம் பூசுன கதவத்தான் கும்பிடுறோம், சாமியோட உருவத்தக் கதவுக்குப் பின்னால நாமளேதான் நெனச்சுக்கிறோம், அத நெனச்சாலே இப்பவும் எனக்கு சிலிர்க்குது. அந்த பயத்துல துணை இருந்துச்சு. இப்ப பிள்ளைங்க போர்வைக்குள்ள போன், காதுல ஹெட்போன், பக்கத்துல யாரும் இல்ல, அடுத்த எபிசோடு பத்து நொடில தானா ஓட ஆரம்பிச்சுடுது.

அதனால புக்கு தாங்குனானே, படமும் தாங்குவான்னு கணக்குப் போடாதீங்க. படத்துக்கு என்ன சர்டிபிகேட்டுன்னு பாருங்க. முன்னாடி வெறும் யுஏன்னு இருந்தது, 2023ல வந்த சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+னு பிரிச்சிருக்காங்க. ஓடிடிலயும் 2021 விதிப்படி இதே மாதிரி வயசு போடணும், 13+லேருந்து மேல இருக்குறதுக்கு பெற்றோர் லாக் வசதியும் குடுத்தாகணும், அத ஆன் பண்ண ரெண்டு நிமிசம் ஆகும், நான் கேட்ட வரைக்கும் ஆன் பண்ணி வச்சிருக்கிற வீடு ரொம்பக் கம்மி. ஏழு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைகிட்ட "அது மேக்கப்புடா, நெசம் இல்ல"ன்னு சொல்றது பெருசா உதவாது, பாக்க பயங்கரமா இருந்தா அதுக்கு பயங்கரம்தான், மடியில வச்சு தண்ணி குடுத்து பக்கத்துல படுத்துக்கிறதுதான் மருந்து. பெரிய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்றது கேக்கும்.

ஏற்கனவே பயந்துபோன பிள்ளைய "ஆம்பளப்பிள்ளை பயப்படலாமா"ன்னு கேக்காதீங்க, பயம் தெளியட்டும்னு அதே படத்த திரும்ப உக்கார வச்சுப் பாக்க வைக்காதீங்க, இத ஒரு அப்பா நெசமாவே செஞ்சு பிள்ளைக்கு ரொம்ப மோசமாயிடுச்சு. பாண்டி கோயில்ல கயிறு கட்டுறதையோ தர்கால ஓதிக்கிறதையோ நான் தடுக்க மாட்டேன், அது குடும்பத்துக்கு ஒரு தெம்பு, ஆனா அதோட நிப்பாட்டிடாதீங்க. ஒரு மாசம் தாண்டியும் தூக்கம் கெட்டு, ஸ்கூலுக்குப் போக மறுத்தா கண்டிப்பா மனநல டாக்டர்கிட்டயோ ஆலோசகர்கிட்டயோ காட்டுங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு கூப்பிடுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அந்தப் பையனுக்கு நான் செஞ்சது, ஒரு வகைல படத்த திரும்ப நாவலா மாத்துறதுதான். கெட்ட கனவு திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு கனவ எழுதி, அதோட போக்க மாத்தி, பகல்ல அத மனசுல ஓட்டிப் பாக்கச் சொல்ற ஒரு முறை எங்க துறைல இருக்கு. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்து அந்த பாத்ரூம் சீன மட்டும் அவன் வார்த்தைல எழுதச் சொன்னேன். மொத வாரம் நாலே வரி. ரெண்டாவது வாரம் அந்தப் பொம்பளைக்கு ஒரு பேரு வச்சான். மூணாவது வாரம் அவ கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரத் தெரியாம கத்துறான்னு எழுதியிருந்தான், அந்த வாய அவன் புரிஞ்சுக்கிட்ட விதம் அது. இதுக்கு நடுவுல வீட்ல பாத்ரூமுக்கு மொதல்ல அம்மா கூட, அப்புறம் அம்மா வாசல்ல நின்னு, அப்புறம் அம்மா ஹால்லேருந்து குரல் குடுத்துன்னு படிப்படியா. துண்ட அவனேதான் எடுத்தான், எந்த நாள்னு அம்மாவுக்கே தெரியல.

கடைசியா வந்தப்ப நோட்ட நான் வச்சுக்கட்டுமான்னு கேட்டேன். தர மாட்டேன்னுட்டான், கதைல இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்காம்.