மூச்சு வாங்கினால் தைராய்டையும் ஒரு தடவை பாருங்கள்

தைராய்டு குறைவு என்றதும் உடம்பு பெருப்பதும் முடி கொட்டுவதும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மூச்சு வாங்குவதற்கும் கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று மதுரையில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிறார்கள். நிறையவே சம்பந்தம் உண்டு.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவின் புகார் இது: "நாலு படி ஏறுனா எளப்பா வருது டாக்டர்." கத்திரி வெயிலிலும் ஃபேனை அணைக்கச் சொல்கிறார் என்றாள் மகள். முகம் உப்பியிருந்தது, குரல் கரகரத்தது, நாடித்துடிப்பு 52. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர். தைராய்டு சுரப்பு குறையக் குறைய ரத்தத்தில் ஏறுவது டி.எஸ்.எச்.; அதைப் பார்த்தால் 90-ஐத் தாண்டியிருந்தது. 4 வரை இருந்தால் சரி என்போம். ஊசி போட்டு நீரை எடுக்கத் தேவைப்படவில்லை. தைராய்டு மாத்திரையிலேயே சில மாதங்களில் வற்றிவிட்டது.

தைராய்டு சுரக்கும் ஹார்மோன் குறைந்தால் இதயம் மெதுவாகவும் வலுக்குறைந்தும் துடிக்கும். ரத்தக்குழாய்கள் விறைப்பதால் பிரஷரில் கீழ் எண் ஏறும், கெட்ட கொழுப்பும் கூடும். மூச்சுக்கான தசைகள் தளரும். நாக்கு தடித்துப்போய் இரவில் குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் உண்டு. குறட்டையை நம் வீடுகளில் கேலி செய்வதோடு விட்டுவிடுகிறோம். எனக்கு அதுதான் வருத்தம்.

மாத்திரையில் அவசரம் கூடாது. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கித்தான் மெல்லக் கூட்டுவோம். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் இதயத்தின் வேலை திடீரென்று கூடி நெஞ்சுவலி வரலாம், துடிப்பு தாறுமாறாகலாம். பக்கத்து வீட்டு அக்கா 100 போடுகிறார் என்று நீங்களும் போடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை.

அப்புறம், எல்லா இளைப்பும் தைராய்டு இல்லை. ரத்தசோகை, ஆஸ்துமா, இதய அடைப்பு என்று காரணங்கள் பல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆள் மந்தமாகிக் கூப்பிட்டாலும் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ, லேபுக்கு அலையாமல் நேராக 108-ஐக் கூப்பிடுங்கள்.