அந்தி வேளையில் சிவப்பு எங்கே போகிறது?

புல்தரை நடுவே ஒரு சிவப்பு பெஞ்ச். நண்பகலில் பூங்கா வாசலில் நின்றாலே பளிச்சென்று கண்ணில் படும். பொழுது சாய்ந்து, விளக்குகள் எரியத் தொடங்குமுன் அதையே மறுபடி பாருங்கள். பெஞ்ச் கிட்டத்தட்டக் கறுத்துப் போயிருக்கும். பகலில் அடங்கிக் கிடந்த புல், இப்போது அதைவிட வெளுப்பாகத் தெரியும். சாயம் அதேதான். மாறியது நம் கண்.

விழித்திரையில் பார்வைக்கு உதவும் செல்கள் இரண்டு வகை. நல்ல வெளிச்சத்தில் வேலை செய்து நிறம் பிரித்துக் காட்டுபவை கூம்பு செல்கள். அப்போது கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சத்தில் இருக்கும். வெளிச்சம் குறையக் குறைய கோல் செல்கள் கைக்கு வேலை போகிறது. அவற்றின் உச்சம் சுமார் 507 நானோமீட்டர், அதாவது நீலம் கலந்த பச்சை. சிவப்பு ஒளியை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் உடலியல் அறிஞர் புர்க்கின்யே, சிவப்புப் பூக்கள் விடியலில் இருண்டு தெரிவதைக் கண்டு இதை எழுதி வைத்தார். அதனால்தான் 'புர்க்கின்யே விளைவு' என்று பெயர்.

சரி, விளக்கு எரிந்துவிட்டால்? அது எந்த விளக்கு என்பதைப் பொறுத்தது. பழைய குறைஅழுத்த சோடியம் விளக்கின் ஒளி, 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் மட்டுமே. ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பி அனுப்ப முடியும். நீலமே இல்லாத ஒளியில் நீலச் சுவர் எதைத் திருப்பி அனுப்பும்? சுவர், பெஞ்ச், எதிரே வருபவரின் சட்டை எல்லாம் மஞ்சளும் கறுப்புமாக ஒன்றுபோல ஆகிவிடும். பல அலைநீளங்களைக் கலந்து தரும் நல்ல வெள்ளை எல்இடி வந்தால், அதே தெருவுக்கு நிறங்கள் திரும்பி வரும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது படிக்கட்டு. ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரிய வேண்டுமென்றால், இரண்டும் வெவ்வேறு நிறமாக இருந்தால் போதாது, வெளிச்ச அளவிலும் வேறுபட வேண்டும். ஒரே அளவு வெளிச்சம் தரும் சிவப்பும் பச்சையும், நிறக்குறைபாடு உள்ள சிலருக்கு ஒன்றாகக் கலந்துவிடும். வயதாக ஆக, கண்ணின் வில்லை மஞ்சளாகி நீலத்தை மங்கச் செய்யும். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் புடைப்புக் கற்களை ஜப்பானின் செயிச்சி மியாக்கே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒக்காயாமா நகரத் தெருவில் முதலில் பதித்தார்கள். இன்று அவை பெரும்பாலும் மஞ்சளில் இருப்பது, மங்கலாகவாவது பார்வை உள்ளவர்களுக்காக. கருந்தார் பரப்பில் அந்த மஞ்சள் எடுப்பாகத் தெரியும். வெளிறிய கான்கிரீட் மேல் வைத்தால் பாதி பயன் போய்விடும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத்தான் கண் பார்க்கிறது.

நிறம் தோலுக்கும் எட்டும். வெயிலில் கரும்பரப்பு ஒளியை உறிஞ்சிச் சுடும். சுடும் பெஞ்சில் யார் உட்காருவார்கள்? முழு வெள்ளைத் தரையோ கண்ணைக் கூசவைக்கும்.

அப்புறம், "நீலம் அமைதி தரும், சிவப்பு கோபமூட்டும்" என்ற பட்டியல்களை நான் நம்புவதில்லை. 1979இல் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறை அறைக்கு இளஞ்சிவப்பு பூசி, கைதிகள் சாந்தமானார்கள் என்றார்கள். பின்னர் கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. அதற்காக நிறம் மனதைத் தொடாது என்றில்லை. ஓவியரான எடி ராமா 2000இல் அல்பேனியாவின் டிரானா நகர மேயரானதும், சாம்பல் பூத்த கட்டடங்களுக்கு அடர்ந்த நிறங்களைப் பூசச் செய்தார். ஊரே அதைப் பற்றி விவாதித்தது. யாருக்கோ சொந்தமான சுவராகக் கிடந்தது, எல்லோரும் பேசும் சுவராக ஆனது. அங்கே வேலை செய்தது ஒரு நிறத்தின் தனிக்குணம் அல்ல, அந்த மாற்றம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஒரு சதுக்கத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கையகல மாதிரி அட்டையை அலுவலக மேசையில் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆளுயரப் பலகையில் சாயத்தைப் பூசி, அது வரப்போகும் இடத்திலேயே நிறுத்துங்கள். உச்சி வெயிலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை, மழையில் நனைந்திருக்கும்போது ஒருமுறை, தெருவிளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள். கூடவே ஒரு முதியவரையும் அழைத்துப் போங்கள்.