சாணைக்குப் போகும் மூன்று பிளேடுகள்

காட்பாடியிலோ ஆற்காட்டிலோ ஒரு மரப்பட்டறையில், கதவு நிலைக்காக எந்திரத்தில் இழைத்தெடுத்த வேப்பம் பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அதன் மேல் குறுக்குக் கோடுகள் அலையலையாக ஓடுவதைச் சில சமயம் காணலாம். பிளேடு மழுங்கிவிட்டது, சாணைக்குக் கொடுக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அது உண்மையின் ஒரு பகுதிதான். இழைப்பு எந்திரத்தின் உருளையில் பெரும்பாலும் மூன்று பிளேடுகள் பூட்டப்பட்டிருக்கும். அவை ஒவ்வொன்றும் கூராக இருந்தாலும், உயரத்திலும் எடையிலும் கோணத்திலும் தமக்குள் ஒத்துப்போகாவிட்டால் பலகை ஒழுங்காக வராது. இந்த ஒப்புமையைக் கெடுக்காமல் கூர்மையை மட்டும் மீட்டெடுப்பதுதான் சாணை பிடிப்பதில் உள்ள கடினம்.

வெட்டுவாய் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஆனால் எந்த எஃகிலும் அது முழுமையான கோடாக அமைவதில்லை; நுணுகிப் பார்த்தால் ஒரு சிறிய வளைவாகவே இருக்கும். நன்றாகத் தீட்டிய பிளேடில் அந்த வளைவின் ஆரம் சில மைக்ரான்கள் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். மழுங்க மழுங்க அது பல பத்து மைக்ரான்களாக வளரும். இதை அறிய நுண்ணோக்கி தேவையில்லை. பிளேடைக் குழல்விளக்கின் கீழ் பிடித்து வெட்டுவாயை நேராக நோக்கினால், கூரான இடம் கறுத்துத் தெரியும்; மழுங்கிய இடத்தில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். வளைந்த பரப்பின் ஏதாவது ஒரு பகுதி எப்போதும் வெளிச்சத்தை நம் கண்ணை நோக்கித் திருப்பிவிடுவதே அந்த மின்னலுக்குக் காரணம்.

மழுங்கிய வெட்டுவாய் மர நாரை அறுப்பதற்கு முன் நசுக்குகிறது. இழைத்த உடனே அந்தப் பரப்பு மினுமினுப்பாகக்கூடத் தோன்றும். ஆனால் நசுங்கி அடங்கிய நார்கள் பாலிஷின் ஈரமோ மழைக்காலத்துக் காற்றின் ஈரமோ பட்டதும் ஊதி எழுந்து, கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பாலிஷ் போடுபவர் மரத்தின் மீது போடும் பழி பல நேரங்களில் பிளேடுக்கே உரியது. வேம்பிலும் வேங்கையிலும் இது இன்னும் மோசமாகும். அவற்றின் நார்கள் ஓர் அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து பின்னிக் கிடப்பதால், மழுங்கிய பிளேடு அவற்றை அறுக்காமல் பிய்த்தெடுத்துவிடும். தேக்கில் இருக்கும் சிலிக்காத் துகள்கள் வெட்டுவாயை ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். பழைய வீடு பிரித்த மரமானால் உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணி ஒன்றே போதும், ஒரே நொடியில் மூன்று பிளேடுகளின் வெட்டுவாயிலும் பல், அதாவது சிறு பள்ளம், விழுந்துவிடும்.

இப்போது சுழற்சியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் உருளையில் மூன்று பிளேடுகள் இருந்தால் நிமிடத்துக்கு 15,000 வெட்டுகள் விழும். பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால், அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளுக்கு இடையே 0.4 மி.மீ. தூரம் இருக்கும். ஒவ்வொரு வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு ஆதலால், அது பலகையில் மிகச் சிறிய பள்ளம் ஒன்றை விட்டுச் செல்கிறது. வெட்டும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. என்றால் அந்தப் பள்ளத்தின் ஆழம் 0.4 மைக்ரான் மட்டுமே. மூன்றில் ஒரு பிளேடு மட்டும் மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்து நின்றால், பலகையின் இறுதிப் பரப்பை அது ஒன்றே தீர்மானிக்கும்; இடைவெளி 1.2 மி.மீ. ஆகும், ஆழமோ ஒன்பது மடங்காகி 3.6 மைக்ரானைத் தொடும். கையால் பொருத்தும்போது 0.05 மி.மீ., அதாவது 50 மைக்ரான் அளவுக்குள் மூன்றையும் சமன் செய்வதே நல்ல வேலை என்பதை நினைத்தால், பெரும்பாலான பட்டறைகளில் பலகைக்கு முடிவுத் தோற்றம் தருவது ஒரே ஒரு பிளேடுதான் என்பது விளங்கும். கடைசிச் சுற்றில் பலகையை மெதுவாகச் செலுத்தும் வழக்கத்துக்கும் இதுவே காரணம்.

சாணையில் மிகப் பெரிய எதிரி வெப்பம். சாதாரணக் கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கடினத்தை இழக்கத் தொடங்கும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய புதுவகை எஃகு காட்டப்பட்டது. கருவியின் நுனி செந்நிறமாகக் காய்ந்த நிலையிலும் அது இரும்பைச் சீவியது. ஹைஸ்பீடு ஸ்டீல் என்று இன்று நாம் அழைப்பது அந்த மரபில் வந்ததே. அதன் புகழ்பெற்ற வகையில் 18 சதவீதம் டங்ஸ்டன், 4 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் வனேடியம் இருக்கும். ஏறக்குறைய 600 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் இந்த எஃகைச் சாணையில் எப்படிப் பிடித்தாலும் கெடாது என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. வெட்டுவாய்க்கு அருகில் எஃகு தாள் போல மெலிந்துவிடுவதால் வெப்பம் பின்னால் கடந்துபோக வழியில்லை. கல்லின் துகள் உரசும் புள்ளியில் 600 டிகிரி எளிதில் மீறப்படும். பிளேடின் ஓரத்தில் நீல நிறம் படர்ந்தால், அங்கே ஒளிக்கதிர்கள் தம்முள் குறுக்கிட்டு நிறம் காட்டும் அளவுக்கு ஆக்சைடு படலம் தடித்துவிட்டது, சூடு மீறியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மேலும் மெல்லத் தேய்த்து நீக்காமல் பிளேடைத் திருப்பி வாங்கக் கூடாது. சூடேறிய பிளேடைச் சட்டென்று தண்ணீரில் முக்குவது அதைவிடக் கொடியது. மேற்பரப்பு மட்டும் வேகமாகச் சுருங்கி மயிரிழை வெடிப்புகள் விழும். அப்படி வெடித்த பிளேடு சுழற்சியில் தெறித்தால் ஆளையே காவு வாங்கும். தொடக்கத்திலிருந்தே குளிர்நீர் இடைவிடாமல் வழிய வேண்டும், அல்லது கல் ஒருமுறை ஓடும் ஓட்டத்துக்கு 0.01 மி.மீ. அளவில் மெல்லமெல்ல உலர்வாகத் தேய்க்க வேண்டும்.

கல்லைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடினமான எஃகுக்குத் துகள்களை இளக்கமாகப் பிணைத்த வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லே ஏற்றது. மழுங்கிய துகள்கள் உடனே உதிர்ந்து புதிய துகள்கள் வெளிப்படுவதால் உரசல் வெப்பம் குறைகிறது. நெடுநாள் தேயாமல் உழைக்கும் கல்லை வாங்கிவிட்டுப் பிளேடுகளை எரித்துக்கொண்டிருப்பது சிக்கனம் ஆகாது. கத்திக்கும் அரிவாளுக்கும் கைத்திறனால் அருமையாகச் சாணை பிடிப்பவர்கள் வேலூர்த் தெருக்களில் உண்டு. ஆனால் 300 மி.மீ. நீளப் பிளேடு முனைக்கு முனை நேராக இருக்க வேண்டுமென்றால், பிளேடை இறுகப் பிடித்து நேர்கோட்டில் நகர்த்தும் எந்திரச் சாணையே தேவை. வெட்டுவாயின் சரிவு 40 டிகிரி கோணத்தில் சரியாக அமைந்ததா என்பதை ஓர் அடிக்கோலே சொல்லிவிடும்: 3 மி.மீ. தடிமனுள்ள பிளேடில் சரிவின் நீளம் 4.7 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். கடைசியாக எண்ணெய்க்கல்லில் தட்டைப் பக்கத்தை வைத்துத் தீட்டிப் பிசிரை நீக்கிவிட வேண்டும்.

எடை விஷயத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. 300 மி.மீ. நீளமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள பிளேடில் ஒன்றை மட்டும் 1 மி.மீ. அதிகமாகத் தேய்த்துவிட்டால் அதன் எடை ஏறக்குறைய 8 கிராம் குறையும். அச்சிலிருந்து 40 முதல் 50 மி.மீ. தொலைவில் 5,000 சுழற்சி வேகத்தில் ஒவ்வொரு கிராமும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு வெளியே இழுக்கும். ஆகவே அந்த 8 கிராம் வேறுபாடு 9 கிலோவுக்குக் குறையாத இழுப்பாகி, நொடிக்கு 83 முறை திசை மாறி உருளையையும் பேரிங்கையும் உலுக்கும். பலகையில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அலைகள் பல இந்த அதிர்விலிருந்து பிறப்பவையே. ஆணி பட்டு ஒரு பிளேடு மட்டும் சேதமானாலும் மூன்றையும் சேர்த்தே சாணைக்குக் கொடுத்து, தராசில் ஒப்பிட்டு வாங்குவதுதான் முறை. பல் மிகச் சிறியது என்றால் சாணையே வேண்டாம். ஒரு பிளேடை மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டினால், ஒன்று விட்டுச்செல்லும் வரியை மற்றொன்று சீவிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை ஓடிக்கொண்டிருக்கிறது. பதனிட்ட தோலைச் சீரான தடிமனுக்குச் சீவும் ஷேவிங் எந்திரத்தில், உருளையைச் சுற்றித் திருகுபோல வளைந்த பிளேடுகள் பதிந்திருக்கும். அவற்றைக் கழற்றுவதில்லை, உருளை சுழலும்போதே எந்திரத்தோடு இணைந்த சாணைக்கல் இடமும் வலமுமாக நகர்ந்து தேய்க்கிறது. எல்லா வெட்டுவாய்களும் ஒரே கல்லின் கீழ் கடந்து செல்வதால் அவை தாமாகவே ஒரே வட்டத்தில் அமைந்துவிடுகின்றன. பெரிய மர இழைப்பு எந்திரங்களிலும் இந்த முறை உண்டு: பிளேடுகளைப் பூட்டிய பிறகு, சுழலும் உருளையின் மேல் ஒரு நுண்கல்லை மெல்ல வருடவிட்டு மூன்றையும் மைக்ரான் அளவுக்குச் சமன் செய்வார்கள். அப்போதுதான் மூன்று பிளேடுகளும் உண்மையாகவே பலகையின் முடிவுப் பரப்பில் பங்கு பெறுகின்றன. ஆனால் வருடிய இடத்தில் வெட்டுவாய்க்குப் பின்னால் சிறிய தட்டை ஒன்று உருவாகும். அது அரை மி.மீ.க்கு மேல் அகன்றால் மரத்தை உரசிச் சூடேற்றும் என்பதால், பிளேடுகளை மீண்டும் கழற்றிச் சாணை பிடித்தே ஆக வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது மின்இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டு, நேரான மரச்சட்டம் ஒன்றைப் பலகை வெளியேறும் பக்கத்து மேசையில் வைத்து, உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு பிளேடும் சட்டத்தை லேசாகத் தொட்டு, ஒரே தூரம் இழுத்துச் செல்ல வேண்டும். இரண்டு முனைகளிலும் நடுவிலும் இதைச் சோதிக்க வேண்டும். போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கி, இறுக்கிய பிறகும் உயரத்தைச் சரிபார்ப்பது அவசியம். முழு வேகத்தில் 200 கிராம் பிளேடு 200 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே பாய முயலும். அதைப் பிடித்து நிறுத்துவது பிளேடை உருளையோடு நெருக்கிக் கவ்வும் ஆப்புக்கட்டையும் அதை இறுக்கும் போல்ட்டுகளும் மட்டுமே. பலமுறை சாணை பிடித்து அகலம் குறைந்த பிளேடை ஆப்புக்கட்டை முழுமையாகக் கவ்வாது என்ற நிலை வந்ததும், இன்னொரு முறை தேய்த்துப் பார்க்கலாமே என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல் மூன்றையும் ஒன்றாகக் கழித்துவிட வேண்டும்.