மேடையில் போகாத குரல் மேசையில் போகிறது

அமெரிக்கத் தென் மாநிலங்களில் சதர்ன் காஸ்பெல் எனும் கிறிஸ்தவப் பக்தி இசையைப் பல குரல்களில் இணைந்து பாடும் குடும்பக் குழுவில் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டால், முதலில் விசாரிக்க வேண்டியது பாட்டைப் பற்றி அல்ல. நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆலய வாசலில் மேசை போட்டு சிடி, டி-ஷர்ட் விற்பார்கள். பல சபைகளில் பேசிவைத்த தொகை கிடையாது; வந்தவர்களிடம் அன்பின் காணிக்கை எடுத்துக் கொடுப்பார்கள். அன்று கூட்டம் குறைந்தால் காணிக்கையும் குறையும், பேருந்துக்கு டீசல் போடுவதே மேசைப் பணத்தில்தான். இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1910-இல் டென்னசி மாநிலத்து லாரன்ஸ்பர்க்கிலிருந்து ஜேம்ஸ் டி. வான் ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பியதே தன் பாட்டுப் புத்தகங்களை விற்கத்தான். ஆகவே "மேசைக்குப் போகாதீர்கள்" என்று சொல்லிப் பயனில்லை.

அங்கே நடப்பது இதுதான். நூறு பேர் பேசும் கூடத்தில் நம்மை அறியாமலே குரல் உயரும். பெண்ணின் பேச்சுக் குரலில் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை மோதுகின்றன. அரை மணிப் பேச்சில் பாதி நேரம் அவர் வாய் திறந்தார் என்றாலும் 1,80,000 மோதல்கள். அதுவும் பாடி முடித்து, நாண்கள் ஏற்கெனவே லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில். போதாததற்கு, துக்கத்தைச் சொல்லி அழுபவர் ஜெபிக்கச் சொல்வார். பாடகர்களும் அடக்கிய, இறுகிய குரலில் ஜெபிப்பார்கள். அந்த இறுக்கம் உரக்கப் பேசுவதைப் போலவே கெடுதல். கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

விற்பனையைப் பாடாத ஒருவரிடம் விட்டுவிடலாம். உச்சசுரம் பாடுபவர் மேசையருகே 20 நிமிடம் நின்றால் போதும், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் மட்டும் பேசட்டும். ஜெபிக்கக் கேட்பவரை அமைதியான ஓர் அறைக்கு அழைத்துப் போகலாம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை மூன்று, நான்கு சென்டிமீட்டர் மூழ்கவைத்து, குமிழி விட்டபடியே மெல்ல "ஊ" என்று மேலும் கீழும் இழுக்க வேண்டும். ஐந்து நிமிடம் செய்தாலே மறுநாள் காலையில் வித்தியாசம் தெரியும்.

அடுத்த கெடுதல் பேருந்தில். இரவு பத்தரைக்குப் பொரித்த கோழி, பதினொன்றுக்குப் படுக்கை. வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறி, காலையில் கரகரப்பும் ஓயாத செருமலும் வரும். முக்கியச் சாப்பாட்டை மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொண்டு, இரவில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் பாதித் தொல்லை தீரும்.

குடும்பக் குழுவுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு: ஆளை மாற்றுவது எளிதல்ல. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் உயிரெழுத்தை ஒரே மாதிரி, ஒரே கணத்தில் உச்சரிக்கிறார்கள். அந்த இழைவு வெறும் ரத்தத்தில் வருவதல்ல, பேச்சுப் பழக்கத்திலும் வருகிறது. 1921-இல் அலபாமாவில் டாம் ஸ்பியரும் லீனாவும் தொடங்கிய ஸ்பியர் குடும்பக் குழு, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு 70 ஆண்டுகளுக்கும் மேல் பாடியது. இத்தனை காலத்தில் ஒரு வீட்டின் குரல்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

பையனுக்கு 12 முதல் 15 வயதுக்குள் குரல் ஏறக்குறைய ஓர் எட்டுசுரம், அதாவது மேல் ஸ-விலிருந்து கீழ் ஸ வரை, இறங்கும். அந்த மாதங்களில் பழைய உச்ச பாகத்தையே பாடச் சொல்லி வற்புறுத்துவது கொடுமை. வசதியாக வரும் ஐந்தாறு சுரங்களுக்குள் ஒரு பாகம் எழுதிக் கொடுங்கள், உடைந்தால் உடையட்டும். தாய்க்கு மாதவிடாய் நின்ற பின் குரல் தடித்து, மேல்சுரங்கள் குறையும். தந்தையின் பேஸ் குரல், அதாவது ஆணின் மிகத் தாழ்ந்த குரல், வேறு மாதிரி ஏமாற்றும். தூக்கம் கெட்ட காலையிலும் சளி பிடித்தபோதும் நாண்கள் வீங்கி, இன்னும் கீழே இறங்கும். அதைக் குரல் வளர்ச்சி என்று நம்பி, 65 ஹெர்ட்ஸ் ஆழத்தை எட்டத் தொண்டையை அழுத்துகிறார்கள். மைக்கை உதட்டுக்கு இரண்டு விரற்கடைக்குள் கொண்டுவந்தாலே கீழ்ச்சுரம் தடித்துக் கேட்கும், அழுத்தத் தேவையே இல்லை.

பாட்டின் நடுவே குரல் திடீரென்று அறுந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். நாணுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். தொடர்ந்து பாடினால் நிரந்தரத் தழும்பாகிவிடலாம். நிகழ்ச்சிக்கு முன் தலைவலிக்கென்று ஆஸ்பிரின் போடுவது இந்த ஆபத்தைக் கூட்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் மிட்டாயும் தேனும் போதாது, காது மூக்கு தொண்டை மருத்துவர் நாண்களைக் கேமராவில் பார்த்தாக வேண்டும்.

சுருதியை இறக்குவதில் பெரும்பாலான குடும்பங்கள் தயங்குகின்றன, ரசிகர் கண்டுபிடித்துவிடுவார் என்று. கடைசிப் பல்லவியை அரைச் சுரம் ஏற்றி, கைதட்டல் வந்தால் இன்னோர் அரைச் சுரம் ஏற்றுவது இந்த இசையின் மரபு. அதன் விலை முழுவதும் டெனர், அதாவது ஆணின் உயர்ந்த குரலில், பாடுபவரின் தொண்டையில்தான் விழுகிறது. தொடக்கச் சுருதியையே ஒரு சுரம் குறைத்துவைத்தால் ஏற்றமும் அழகாகக் கேட்கும், தொண்டையும் பிழைக்கும். பின்னணி டிராக்குடன் பாடுபவர்கள் அதைத் தயாரிக்கச் சொல்லும்போதே மூன்று சுருதிகளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் பிறகு இறக்கினால் முழுச் சுரத்துக்கு மேல் போகும்போது டிரம்ஸும் ஸ்டீல் கிட்டாரும் தெளிவிழந்து குழைந்து கேட்கும்.