ஐந்து குடும்பம், எட்டுப் பிள்ளைகள்: ஹோம்ஸ்கூலிங் குழு தொடங்குமுன் பார்க்க வேண்டிய விதிகள்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் சிலர் சேர்ந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் கூடிப் பாடம் நடத்துவதுதான் ஹோம்ஸ்கூலிங் குழு. கணக்கு ஒருவர், அறிவியல் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் சுமை குறைகிறது, பிள்ளைகளுக்கும் கூட்டாளிகள் கிடைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படித் தொடங்குபவர்கள் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். பிற்பாடு சிக்கல் வருவது பெரும்பாலும் சட்டத்தாலும் சான்றிதழாலும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் அபராதமோ தண்டனையோ கிடையாது. அதனால் வீட்டுவழிக் கல்விக்கு அனுமதி வழங்கும் அலுவலகமும் இல்லை, விண்ணப்பப் படிவமும் இல்லை. யாராவது 'ஹோம்ஸ்கூலிங் அங்கீகாரம்' வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

பெற்றோரைத் தொடாத அதே சட்டம், அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துபவரை விடுவதில்லை. 18-ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதன் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. ஆகவே உங்கள் குழு பள்ளியாகவும் இருக்கக் கூடாது, பள்ளியைப் போலத் தோன்றவும் கூடாது. பெயரில் 'பள்ளி', 'வித்யாலயா' வேண்டாம். வாசலில் பலகை, அட்மிஷன் விளம்பரம், சீருடை, மதிப்பெண் சான்றிதழ், டி.சி. எதுவும் வேண்டாம். வெளியார் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, பெற்றோர் யாரும் உடன் இல்லாமல், திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை நடத்தினால், "நாங்கள் வெறும் குழுதான்" என்ற வாதம் நிற்பது கடினம். பிள்ளையின் கல்விக்கு அந்தந்தப் பெற்றோரே பொறுப்பு, குழு துணை மட்டுமே என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, எல்லாப் பெற்றோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ வேலை பார்க்கும் ஆசிரியரைச் சனிக்கிழமை மட்டும் காசு கொடுத்து அழைக்கலாமே என்று பலருக்குத் தோன்றும். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதை இதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடுக்கிறது. ஓய்வு பெற்றவர்களையோ பணியில் இல்லாதவர்களையோ தேடுவது இரு தரப்புக்கும் நல்லது.

பள்ளியை விட்டு வரும்போது

டி.சி.யைக் கையில் வாங்காமல் சும்மா நின்றுவிடுவது பெரிய தவறு. பழைய பள்ளியின் பதிவில் பெயர் தொங்கிக்கொண்டிருந்தால், பிற்பாடு வேறு பள்ளியில் சேர்க்கும்போது எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குத் தரப்படும் அடையாள எண்) மாற்றுவதற்கு அலைய வேண்டிவரும். டி.சி., எமிஸ் எண், பிறப்புச் சான்றிதழ், கடைசி வகுப்பின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஐந்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

டி.சி. வாங்கிய பிள்ளை வேறு எங்கும் சேரவில்லை என்றால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் பெயர் வரலாம். ஆசிரியர் பயிற்றுநரோ வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வேறு ஒருவரோ வீட்டுக்கு வருவார். அவர் வேலையே இடைநின்ற பிள்ளையைத் தேடுவது. சண்டைக்கு நிற்க வேண்டாம். பிள்ளை எழுதிய நோட்டுகள், மாதவாரியான பாடக் குறிப்பு, எந்தத் தேர்வை எப்போது எழுதப்போகிறது என்ற திட்டம் ஆகியவற்றைக் காட்டுங்கள். தேதி போட்ட நோட்டுக்கு இருக்கும் மதிப்பு வாய்ப்பேச்சுக்கு இல்லை.

எதை இழக்கிறீர்கள்

இதை யாரும் முதலில் சொல்வதில்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இளநிலைப் படிப்பில் கிடைக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு என்பதே அடிப்படைத் தகுதி. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிப் படிப்பைப் பார்க்கின்றன. நடுநிலை வகுப்புகளின் மூன்று ஆண்டுகளை வீட்டில் கழித்தால் இந்தக் கதவுகள் மூடும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கும் பள்ளிகள் தரும் சான்று வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்தப் போகும் குடும்பம், இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் இதே எச்சரிக்கை: அந்தச் சேர்க்கை தொடக்க வகுப்பில் மட்டுமே, விட்ட இடம் திரும்பக் கிடைக்காது.

சான்றிதழுக்கு மூன்று வழி

முதல் வழி, எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. இ.எஸ்.எல்.சி. என்று சொல்வார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. குறிப்பிட்ட தேதியில் 12½ வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் முதல் முறையிலேயே எழுத வேண்டும். அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய் ஆன்லைனில் பதிய வேண்டும், டி.சி., பதிவுத்தாள், பிறப்புச் சான்றிதழ் இவற்றில் ஒன்றின் நகல் தேவை. அறிவிப்பு வரும் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், இயக்ககத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்ப்பதைக் குழுவில் ஒருவர் பொறுப்பாக வைத்துக்கொள்ளட்டும். தவறவிட்டால் தக்கல் உண்டு, கட்டணம் கூடும்.

இரண்டாவது, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். இதன் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் 'சி' நிலை எட்டாம் வகுப்புக்குச் சமம். பலர் அதைத் தாண்டி நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதிகிறார்கள்: 14 வயது நிறைந்திருந்தால், படிக்கும் திறன் இருக்கிறது என்ற சுய உறுதிமொழியுடன் சேரலாம். ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது கட்டாயம், தேர்ச்சிக்கு 33 சதவீதம், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. தமிழ்நாட்டிலேயே மேற்படிப்பும் வேலையும் என்றால் மொழிப் பாடமாகத் தமிழை எடுப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, மீண்டும் பள்ளிக்கே போவது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. ஆனால் அந்த உரிமை தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதில் நேராகச் சேர்க்கப் போனால் பள்ளி எட்டாம் வகுப்புச் சான்றைக் கேட்கும். எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பள்ளிக்குத் திரும்புவது, அல்லது இ.எஸ்.எல்.சி. எழுதுவது, இரண்டில் ஒன்றை ஏழாம் வகுப்பு முடியும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

குழுவை நடத்தும் கணக்கு

நான்கு முதல் ஆறு குடும்பம், எட்டு முதல் பத்துப் பிள்ளைகள் என்பது தாங்கக்கூடிய அளவு. மூன்று குடும்பம் என்றால் ஒருவர் ஊருக்குப் போனாலே அந்த வாரம் படுத்துவிடும். வாரம் மூன்று நாள், காலை 9.30 முதல் 12.30 வரை போதும். அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் சேர்ந்து படிக்கலாம். கணக்கை மட்டும் கலக்காதீர்கள். பின்னமே தடுமாறும் பிள்ளையையும் இயற்கணிதம் போடும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்தால் இருவருக்கும் நேரம் வீண். வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து இரண்டு குழுவாகப் பிரியுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இ.எஸ்.எல்.சி. எழுதுபவர்களுக்கு எட்டாம் வகுப்புப் பாடநூல்தான் முதுகெலும்பு.

பணத்தில்தான் மனக்கசப்பு வரும். ஐந்து குடும்பம், எட்டுப் பிள்ளைகள், மாதம் வாடகை 4,000, பொருள்கள் 1,500, வெளியிலிருந்து வருபவருக்கு 500 வீதம் 12 வகுப்புக்கு 6,000, மொத்தம் 11,500 ரூபாய் என்று வையுங்கள். வாடகையைக் குடும்பத்துக்கு 800 என்றும், மீதி 7,500-ஐப் பிள்ளைக்கு 937.50 என்றும் பிரித்தால், ஒரு பிள்ளை உள்ள வீடு 1,737.50, இரண்டு பிள்ளை உள்ள வீடு 2,675 தரும். வசூலித்த பணத்தில் யாருக்கும் லாபம் நிற்கக் கூடாது. மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகட்டும். நடுவில் விலகும் குடும்பம் இரண்டு மாத வாடகைப் பங்கைத் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். சங்கமாகப் பதிவு செய்ய நினைத்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேராவது வேண்டும். பதிவு செய்த சங்கம் என்பதால் பள்ளி அங்கீகாரம் கிடைத்துவிடாது, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஒரு பிள்ளையுடன் கதவடைத்த அறையில் இருக்கக் கூடாது. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போலீஸில் தெரிவிப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம், பெற்றோர் கூடிப் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.